தங்கூசியால் கட்டிய பல்

குருநகரில் இன்னாசித்தம்பி போட்ட முடிச்சு அவிழ்ந்ததென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வலை என்றாலும் சரி, படகு கட்டுகிற கயிறு என்றாலும் சரி, அவர் ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டால் பிறகு கத்தியால்தான் அறுக்க வேண்டும். அதில் மனிதருக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. புயலில் பக்கத்துப் படகுகள் அறுத்துக்கொண்டு போன கதையைச் சொல்லும்போதெல்லாம், தன்னுடைய படகு நின்ற இடத்திலேயே நின்ற கதையையும் சேர்த்துத்தான் சொல்வார். அந்தத் தலைக்கனம்தான் ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய மனைவியைச் சாவுக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. முழுக்க அன்பில் செய்ததுதான், பாவம்.

மனைவி மரியநாயகி சந்தையில் மீன் விற்கிறவள். அவள் கூவினால் தெருவின் அடுத்த முனையில் சைக்கிளில் போகிறவர் பிரேக் பிடிப்பார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. நாலு வருடத்துக்கு முன் நெல்லிக்காய் அளவில் தொடங்கிய தைரொயிட் கட்டி, இப்போது மாங்காய் அளவுக்கு வந்து மூச்சுக்குழாயை அமத்திக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஏழெட்டு மாதமாகச் சுவரோடு இரண்டு தலையணையைச் சாய்த்துவைத்து, இருந்தபடியேதான் தூங்குகிறாள். இனித் தள்ளிப்போடக் கூடாது, வெட்டி எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

தை மாதம் ஒரு திகதி கிடைத்தது. துணிமணியோடு போய் வார்டில் கட்டில் பிடித்துப் படுத்தவளை, மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி அடியில் சீழ் வைத்திருந்ததாம். அதைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு வரச் சொன்னார்கள். பல் பிடுங்கி முடிந்தது, புண்ணும் ஆறியது, ஆனால் அடுத்த திகதி கைக்கு வர ஐந்து மாதமாகிவிட்டது. அந்த ஐந்து மாதமும் மரியநாயகி சந்தையில் வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எதைக் காட்டினாலும் பல்லை மட்டும் காட்டக் கூடாது, காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சொல்லிவைத்தாற்போல, அடுத்த திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து வந்து நண்டுக்கறி வைத்தார்கள். நண்டுக் காலை உடைக்கக் கல் ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. யார் கல்லை எடுப்பது? மரியநாயகி வழக்கம்போல முன்பல்லில் வைத்து ஒரு கடி கடித்தாள். சீனி வருத்தம் ஏற்கெனவே முரசை, அதுதான் பல்லின் ஈறை, தின்று வைத்திருந்த பல். மேல்வரிசையில் இடப்பக்கத்து முன்பல், கடித்த கடியில் கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கிவிட்டது.

அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். நோவுக்கு அழுகிறவள் அல்ல அவள். இரண்டு பிள்ளை பெற்றபோதும் சத்தம் போடாதவள்.

"என்னை அனுப்பிப்போடுவினம். இன்னும் அஞ்சு மாசம் இப்பிடி இருந்துகொண்டு படுக்க என்னாலை ஏலாது. நான் செத்துப்போவன்."

"விசர்க் கதை கதையாதை நாயகி. குறடு எடுத்து இப்பவே பிடுங்கிவிடுறன்."

"பிடுங்கினா? புண்ணைக் காணமாட்டினமோ? போனமுறையும் புண் ஆறட்டும் எண்டுதானே அனுப்பினவை."

அவளுடைய கணக்கில் பிழை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஆடினாலும் அனுப்புவார்கள், பிடுங்கினாலும் அனுப்புவார்கள். அப்படியென்றால் ஆடவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. இன்னாசித்தம்பி எழுந்து போய் வலைச் சாமான் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய தங்கூசியாகப் பார்த்து ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்தார். மீன்பிடிக்கிற நைலோன் நூல்தான், ஆனால் தலைமயிரை விட மெல்லியது, கண்ணாடி மாதிரித் துலக்கமானது. கையில் பிடித்திருந்தாலே இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மனைவியை யன்னலோரம் இருத்தி, வாயைத் திறக்கச் சொன்னார். ஆடுகிற பல்லை இரண்டு பக்கத்துப் பல்லோடும் எட்டுப் போல வளைத்து வளைத்துச் சுற்றி, முரசோரமாக இறுக்கினார். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை அவள் அவருடைய விரலைக் கடித்தாள், ஒரு தடவை வேண்டுமென்றே. கடைசியில் அவர் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அவள் நாக்கால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"யாகப்பர் மேலை சத்தியம் பண்ணுங்கோ," என்றாள். "ஒருதருக்கும் மூச்சு விடக்கூடாது. ஒப்பரேசன் முடிஞ்சு நான் எழும்பினாப்பிறகு பிடுங்குவம்."

புனித யாகப்பர் கோயில் இருக்கிற பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினார். மனதுக்குள் அவருக்கு ஒரு சந்தோசம். இருக்காதா பின்னே? அவர் கட்டாத சாமான் என்று அதுவரை பல் ஒன்றுதான் பாக்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆட்கள் பார்க்க விடுகிற நேரம், இன்னாசித்தம்பி வார்டில் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகள் ஜெசிதா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள், அவளால் வர முடியாது. மகன் எமில்ராஜ் படகோடு போயிருந்தான். மயக்கமருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார். உதயகலா என்று பெயர், நாற்பது வயதுக்குள் இருக்கும், களைத்த முகம், ஆனால் குரல் பொறுமையானது. என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்துக் குளிசை பாவிக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு வந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"பொய்ப்பல்லு, உடைஞ்ச பல்லு, ஆடுற பல்லு ஏதும் இருக்கோ அம்மா?"

"இல்லை டொக்டர். எல்லாம் என்ரை சொந்தப் பல்லு. ஒண்டும் ஆடாது."

டொக்டர் விட்டுவிடவில்லை. கையுறை போட்ட விரலால் முன்பற்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இன்னாசித்தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடப்பக்கத்து முன்பல்லில் விரல் வந்தது, அழுத்தியது, அடுத்ததற்குப் போய்விட்டது. "நல்லது," என்று சொல்லி டொக்டர் எழுதிக்கொண்டார். இன்னாசித்தம்பி மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனிதர் தனக்குள் சிரித்துக்கொண்டே போனார் என்றால் பாருங்களேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரியநாயகியை ட்றொலியில் தலைமாட்டை உயர்த்திவைத்து ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நீட்டு மர வாங்கில் இன்னாசித்தம்பி செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் தியேட்டரில் வேலை செய்கிற றமேஸ் ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தான்.

"மரியநாயகியின்ரை ஆக்கள் ஆர்? ஐயா, நீங்களோ? இந்தாங்கோ, தாலிக்கொடியும் தோடும். சரியோ எண்டு பாத்து ஒரு கையெழுத்துப் போடுங்கோ. பொய்ப்பல்லு இருந்தா அதையும் கழட்டித் தாறனாங்கள். அவவுக்கு அது இல்லையாம்."

இன்னாசித்தம்பி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "கழுத்தை வெட்டுறதுக்கும் பல்லுக்கும் என்ன தம்பி?"

"மயங்கினாப்பிறகு தானா மூச்சு விடமாட்டினம் எல்லே ஐயா. ஒரு இரும்பை வாய்க்குள்ளை விட்டு நாக்கைத் தூக்கிப்பிடிச்சு, மூச்சுக்குழாய்க்குள்ளை ஒரு குழாய் விடுறவை. அந்த இரும்பு முன்பல்லிலை முட்டும். ஆடுற பல்லு எண்டா கழண்டு உள்ளுக்கை போயிடும். நேரை சுவாசப்பைக்குத்தான். பேந்து அதை எடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. ஆள் தப்பாமலும் போகலாம்." சொல்லிவிட்டு அவன் கடதாசியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மயக்கம் என்றால் கையில் ஒரு ஊசி போடுவார்கள், ஆள் தூங்கிவிடும், பிறகு எழுப்புவார்கள் என்றுதான் இன்னாசித்தம்பி நினைத்திருந்தார். வாய்க்குள் இரும்பு விடுகிற கதையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர்தான் கேட்கவும் இல்லையே.

என்ரை முடிச்சு அவிழாது என்று முதலில் தனக்குச் சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அடுத்த யோசனை வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. முடிச்சு அவிழாது, சரி. ஆனால் இரும்பு இழுத்தால் ஆடுகிற பல்லோடு கட்டியிருக்கிற நல்ல பல் இரண்டும் சேர்ந்தல்லவா வரும்? ஒன்று விழுகிற இடத்தில் மூன்று. நன்றாகக் கட்டியதுதான் இப்போது மோசம். டொக்டருடைய விரலுக்கே தெரியாதபடி கட்டியவர் யார்?

சொல்லலாம். சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் மரியநாயகி இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள், அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் கட்டி ஒருநாள் அவளுடைய மூச்சை முழுதாக அடைத்துவிடும். சொல்லாமல் விட்டால், இப்போது, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்... அவர் எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். யாகப்பரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். புனிதர் நாளைக்கும் இருப்பார், அவரைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

தியேட்டர்க் கதவை இரண்டு கையாலும் தட்டினார். உள்ளேயிருந்து றமேஸ் எட்டிப் பார்த்து, "ஐயா, இஞ்சை வரேலாது, போய் இருங்கோ," என்றான். இன்னாசித்தம்பி கதவு சாத்துவதற்குள் காலை இடையில் வைத்துவிட்டார். முப்பது வருடம் கடற்காற்றோடு போட்டிபோட்டுக் கத்திய குரல் அவருக்கு.

"டொக்டரம்மா! மயக்காதையுங்கோ! அவவின்ரை பல்லு ஆடும்! பொய் சொல்லிப்போட்டம்! மயக்காதையுங்கோ!"

வாங்குகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உதயகலா டொக்டர் பச்சை உடுப்போடு வெளியே வந்தார். இன்னாசித்தம்பிக்கு அவருடைய கையில் ஊசி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றியது. கை வெறுமையாக இருந்தது.

"மயக்கிப்போட்டியளோ?"

"இன்னும் இல்லை. என்ன பிரச்சினை, ஆறுதலாச் சொல்லுங்கோ."

சொன்னார். டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நான் நேற்று அமத்திப் பாத்தனான் ஐயா. ஒரு பல்லும் ஆடேல்லையே."

"அது நான் கட்டினது டொக்டர். தங்கூசியாலை. நான் கட்டினா ஆடாது." அதே சொல்லைப் பெருமையாக அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

டொக்டர் உள்ளே போனார், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "முரசுக்கை புதைஞ்சுபோய்க் கிடக்கு, எங்கை சுத்தியிருக்கு எண்டு தெரியேல்லை. நான் வெட்டி ஒரு துண்டு உள்ளை தங்கிச்செண்டா அதுவும் ஆபத்து. எத்தினை சுத்து எண்டு உங்களுக்குத்தானே தெரியும். நீங்கள் வந்து கழட்டுங்கோ."

செருப்பைக் கழற்றி, தலைக்கு ஒரு தொப்பியும் மேலே ஒரு பச்சை அங்கியும் போட்டு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். தியேட்டருக்கு முன்னால் இருக்கிற அறையில் ட்றொலியில் மரியநாயகி சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் அவள் கண்ணால் எரித்தாள். அப்படி ஒரு பார்வையை முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாங்கியதில்லை.

"காட்டிக் குடுத்திட்டியள் என்ன?" என்றாள். அதோடு வாயைத் திறந்தாள்.

நேர்ஸ் மெல்லிய கத்தரிக்கோலும் சின்னக் குறடும் கொடுத்தார். வழக்கமாக இன்னாசித்தம்பி தங்கூசியைத் தன் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். இங்கே அது நடக்காது. டொக்டர் விளக்கைத் திருப்பிப் பிடித்தார். இன்னாசித்தம்பி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்து நேர்ஸ் நீட்டிய தட்டில் போட்டார். ஆறாவது துண்டு வந்ததும் பல் தானாகவே சரிந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. இழுக்கக்கூட இல்லை. வேரில் பிடிப்பென்று ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய தங்கூசி மட்டும்தான்.

டொக்டர் அந்தப் பல்லைப் பார்த்தார், பிறகு மரியநாயகியின் கழுத்தைப் பார்த்தார். "இந்தக் கட்டியோடை குழாய் விடுறதே கஷ்டம் அம்மா. அதுக்குள்ளை இதுவும் விழுந்திருந்தா..."

வாயில் வைத்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டு மரியநாயகி கேட்டாள். "இனி எப்ப திகதி?"

"என்ன திகதி?"

"திருப்பி அனுப்பப்போறியள்தானே."

"ஆர் சொன்னது? இண்டைக்குத்தான் ஒப்பரேசன். கொஞ்ச நேரம் பஞ்சைக் கடிச்சுக்கொண்டிருங்கோ, ரத்தம் நிக்கட்டும். உங்களுக்குப் பிறகு இருந்தவவை முதல் எடுக்கிறம், அடுத்தது நீங்கள்." டொக்டருக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. ட்றொலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அம்மா, போனமுறை அனுப்பினது சீழ் வைச்சிருந்தபடியாலை. சீழோடை வெட்டினா கிருமி பரவும். ஆடுற பல்லு வேறை கதை. நேற்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நேற்றே எடுத்துவிட்டிருப்பம். இதுக்காக ஆரையும் அனுப்புறேல்லை."

மரியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தால் கண்ணீர் வடிந்து கன்னத்தில் இறங்கியது. மூன்று நாளாக அவள் சிரிக்காமல், மெத்தென்ற பாண் துண்டைக்கூடத் தேத்தண்ணியில் தோய்த்து உறிஞ்சி, பயந்து பயந்து காத்த இரகசியம். எதற்காக? இன்னாசித்தம்பிக்கு அவளுடைய தலையைத் தடவிவிட வேண்டும்போல இருந்தது. றமேஸ் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு மணிக்கு மேல்தான் ஒப்பரேசன் முடிந்தது. சுகமாக முடிந்தது. பின்னேரம் வார்டுக்குள் விட்டபோது அவள் கழுத்தில் பெரிய கட்டோடு, தலைமாட்டைச் சாய்த்துவைத்த கட்டிலில் கிடந்தாள். அவரைப் பார்த்தாள், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோகுதோ என்று கேட்டார், பதிலில்லை. தண்ணி வேணுமோ என்றார், பதிலில்லை. கழுத்தில் வெட்டினால் சிலருக்குக் குரல் போய்விடும் என்று யாரோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. நேர்ஸிடம் ஓடினார்.

"குரலுக்கு ஒண்டும் இல்லை ஐயா. முழிச்ச உடனை பேரும் ஊரும் சொன்னவ. கனக்கக் கதைக்க வேண்டாம் எண்டுதான் சொன்னனாங்கள்."

கனக்கக் கதைக்க வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், ஒன்றுமே கதைக்க வேண்டாம் என்றில்லையே! அப்படியென்றால் அந்த மௌனம் தனக்கென்றே எடுத்துவைத்தது என்று அவருக்கு விளங்கியது. சத்தியத்தை மீறியவனுக்கு இது காணாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அவள் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்போல இருந்தது.

அவள் முகம் திருப்பியிருந்த பக்கத்துக் கட்டிலுக்கு அன்று பின்னேரம்தான் ஒரு அம்மா வந்திருந்தார். பத்மாவதி என்று பெயர், அளவெட்டிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். பித்தப்பையில் கல், மறுநாள் ஒப்பரேசன். உதயகலா டொக்டர் காலையில் பட்ட பாடெல்லாம் முகத்தில் தெரிய, கையில் கடதாசிகளோடு அந்தக் கட்டிலுக்கு வந்தார். எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து, கடைசியில் அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"ஆடுற பல்லு ஏதும் இருக்கோ அம்மா?"

"ஐயோ இல்லை டொக்டர்," என்றார் பத்மாவதி. உதடு சரியாகப் பிரியாமல்தான் சொன்னார். "எல்லாம் கல்லு மாதிரி."

"இருக்கு டொக்டர்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. குரல் கரகரத்திருந்தது, ஆனால் சந்தைக்குரல்தான், சந்தேகமில்லை. மரியநாயகி முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பியிருந்தாள்.

"கீழ்வரிசையிலை ரெண்டு. வந்து ஏறினதிலையிருந்து நாக்காலை தள்ளித் தள்ளிப் பாத்துக்கொண்டிருக்கிறா. நான் கவனிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். வடிவா ஆட்டிப் பாருங்கோ டொக்டர், கட்டுக்கிட்டு ஏதும் இருக்கோ எண்டும் பாருங்கோ."

பத்மாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "உமக்கு ஏன் உந்த வேலை? ஆர் எவர் எண்டு தெரியாது, பக்கத்திலை கிடந்துகொண்டு காட்டிக் குடுக்கிறீர்! என்னை அனுப்பப்போகினம்!"

இன்னாசித்தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கண் நிறைந்து வந்ததை மனைவி காணக் கூடாதென்று செபமாலையைத் தேடுகிற பாவனையில் சட்டைப்பையைத் துழாவினார். மரியநாயகி அவரைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்துக் கட்டிலின் விளிம்பு வரை கையை எட்டி, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பமாட்டினம் அக்கா. கோவியாதையுங்கோ. நான் இஞ்சைதான் கிடப்பன். நாளைக்குப் பின்னேரம் கண் முழிச்சு, எழும்பியிருந்து, என்னை ஆசைதீர ஏசுங்கோ."